பலகை இல்லை

ஒரு சனிக்கிழமை முழுவதும், நானே செய்த மின்சுற்றில் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் யாரும் இப்படி வேண்ட மாட்டார்கள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற சுற்று அது. அது சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் என் அண்ணன் பிழைப்பு போய்விடும். கோளாறு என்று தெரிந்தால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எனக்கு ஈப்போவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மாணவர்கள் எரித்த கருவிகளைச் சரிசெய்ய வேண்டும். எரிப்பதற்கு முன்னால் அவர்களைத் திட்டவும் வேண்டும். இரண்டாவது வேலையை நான் நன்றாகவே செய்வேன். முப்பத்தாறு வயதில் புத்தி கெட்டுப்போய் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முதுகலை ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டேன். தலைப்பைச் சொன்னால் சொந்தக்காரர்கள் உடனே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. நம் ஊர்ப் பழைய லோரிகளில் பின்பக்கம் பார்ப்பதற்கு மலிவான கேமரா ஒன்று மாட்டியிருப்பார்கள். அதே ரகக் கேமராவை முன்கண்ணாடியில் மாட்ட வேண்டும். சாலையோரப் பலகைகளை ஒரு சின்னக் கணினி தானே கண்டுபிடித்து ஓட்டுநருக்கு ஒலி கொடுக்க வேண்டும். நில், வேகத்தைக் குறை, முன்னால் பள்ளிக்கூடம். புதுக் கார்களில் இதெல்லாம் வாங்கும்போதே இருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றும் இருபது வருடத்து லோரிக்கு யார் செய்து தருவார்கள்? நான் செய்து தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

மலிவுக் கேமராவில் ஒரு தொல்லை உண்டு. லோரியின் டைனமோவும் ரேடியோவும் சேர்ந்து படத்தில் கோடு கோடாக இரைச்சலைக் கலந்துவிடும். படம் கணினிக்குள் போவதற்கு முன்பே அந்த இரைச்சலை எடுத்துவிட ஒரு வடிகட்டிச் சுற்று வேண்டும். என் ஆராய்ச்சியில் முதல் பாதி அதுதான். கோப்பிக் கடையில் துணிப்பையில் வடிகட்டுவார்களே, அந்தக் கதைதான். துணி லேசாக இருந்தால் தூள் இறங்கிவிடும். ரொம்ப நெருக்கமாக இருந்தால் கோப்பியே வெளுத்துப்போய் இறங்கும். என் சுற்றில் வெளுக்கக்கூடியது நிறம். இரைச்சலை வெட்டுகிறேன் என்று கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் சிவப்பும் சேர்ந்து போய்விடும், நிறுத்தப் பலகை சாம்பல் நிறமாகிவிடும். பலகையைத் தேடும் நிரலோ முதலில் சிவப்பைத்தான் தேடும். எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதற்காக மின்தேக்கிகளை மாற்றி மாற்றிப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் சுட்டுக்கொண்டேன்.

இரண்டாவது பாதி, பலகை என்றால் என்ன என்று நிரலுக்குக் கற்றுக்கொடுப்பது. அதற்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வேண்டும். அண்ணன்தான் கிடைத்தார். அவர் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு போக்குவரத்துக் கம்பெனியில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகிற வேலை. நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை வைத்துவிட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்து, பக்கத்திலேயே தரை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணனும் அண்ணியும் அங்கேதான் இருந்தார்கள். கம்பெனியில் அனுமதி கேட்டு அவருடைய லோரியில் என் கேமராவை மாட்டினேன். தன்னை வேவு பார்க்கத்தான் மாட்டுகிறேன் என்று ஒரு மாதம் கேலி செய்துவிட்டு, பிறகு அவரே தினமும் கேமராக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

கேமரா எடுத்த ஒவ்வொரு படத்திலும் பலகை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு கட்டம் வரைய வேண்டும். இது நில், இது அறுபதுக்கு மேல் போகாதே, இது வளைவு. பிள்ளைக்குப் படப்புத்தகம் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். மூன்று மாதம் நானே தனியாக உட்கார்ந்து வரைந்தேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைத் தோழி உதவிக்கு வருகிறேன் என்றபோதுகூட வேண்டாம் என்றுவிட்டேன். மற்றவர்கள் வரைந்தால் தப்பு வரும் என்று எனக்கு நினைப்பு.

விபத்து ஒரு திங்கட்கிழமை பிற்பகலில் நடந்தது. எங்கள் தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் ஏறுகிற முனையை நாங்கள் சிம்பாங் என்போம். அண்ணன் குலை ஏற்றிக்கொண்டு சிம்பாங்கிலிருந்து வெளியே வந்தார். பெரிய சாலையில் ஓர் அக்கா மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். லோரியைப் பார்த்துப் பிரேக்கை அழுத்தினார், வண்டி சறுக்கியது, வலது கால் லோரியின் முன்பக்கத்தில் மாட்டிக்கொண்டது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

அந்த அக்கா வேற்று மனுஷி இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு. என் அம்மா பால்வெட்டப் போன காலைகளில் என்னை உட்காரவைத்துப் பேன் பார்த்தவர். இப்போது டவுனில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. கணவர் இல்லை, மகள் படித்துக்கொண்டிருந்தாள். அண்ணன்தான் அவரைத் தூக்கி, வந்த வேன் ஒன்றை மறித்து ஏற்றி, ஈப்போ மருத்துவமனை வரைக்கும் கூடவே போனார். வழி முழுக்க அண்ணன் அழுதுகொண்டே போனார் என்று அண்ணி சொன்னார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் பலகைப் பேச்சு வந்தது. அந்த முனையில் நிறுத்தப் பலகை இருந்திருந்தால் அண்ணன் நின்று பார்த்துத்தான் ஏறியிருக்க வேண்டும். குற்றம் முழுவதும் அவர்மேல். லைசென்ஸ் போகும், வேலையும் போகும். பலகை இல்லையென்றால் அக்காவும் பார்த்து வந்திருக்க வேண்டும் என்று குற்றத்தை அவர் தலையில் தள்ளிவிடலாம். அவருக்கு வரவேண்டிய நஷ்டஈடு ஒன்றுமில்லாமல் போகும். போலீஸ் மறுநாள் போய்ப் பார்த்தபோது அங்கே பலகை இல்லை. குழாய் பதிக்கும் குத்தகைக்காரர்கள் சாலையோரத்தை நீளத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். கம்பம் நட்ட குழிபோல ஒன்று இருந்தது. அந்த ஓரத்தில் எதை எப்போது பிடுங்கினோம் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து ஆட்களைக் கேட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லாரும், அங்கே எந்தக் காலத்திலும் பலகை இருந்ததில்லை என்றார்கள். அண்ணனும் அதையேதான் சொன்னார். பொய் சொல்கிற முகமா என்று எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம் எனக்குப் போன் அடித்தார்.

"தங்கச்சி, உன் மெஷின்ல எல்லாம் பதிவாகும்னு சொன்னியே. அந்த சிம்பாங்கில போர்டு இல்லன்னு அதுல வரும்லா. ஒரு தாள் அடிச்சுக் குடு, கம்பெனியில கேக்குறாங்க."

கம்பெனி வளாகத்தில் நின்ற லோரியிலிருந்து கருவியைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பதிவைத் திறந்து விபத்து நடந்த நேரத்துக்குப் போனேன். நொடிக்கு நொடி ஒரே பதில்தான்: பலகை இல்லை, பலகை இல்லை, பலகை இல்லை. அப்பாடா என்றிருந்தது. அச்செடுத்தேன். கருவி எப்படி வேலை செய்கிறது என்று நாலு வரி எழுதி, கீழே என் பெயரையும் படிப்பையும் எழுதி, கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை முடிகிற நேரம் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டு போனார். என் ஆராய்ச்சி முதன்முதலாக ஒரு மனிதருக்கு உதவுகிறது என்று எனக்குப் பெருமை வேறு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அந்தப் படங்களைத் திரையில் ஓடவிட்டிருந்தேன். பக்கத்து மேசைத் தோழி கிளந்தானிலிருந்து வந்த மலாய்க்காரப் பெண். எந்நேரமும் கெரோப்போக் என்கிற மீன் அப்பளத்தைக் கொறித்துக்கொண்டிருப்பாள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நிறுத்தப் பலகை அவ்வளவு பெரிதாக நிற்கிறதே, உங்கள் மெஷின் ஏன் சும்மா இருக்கிறது என்று மலாயில் கேட்டாள்.

எந்தப் பலகை என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. படத்தை நிறுத்தி நன்றாகப் பார்த்தேன். சாலை, செம்பனை மரங்கள், மண் மேடு, அக்கா வரப்போகிற பெரிய சாலை. எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. அவள் எண்ணெய் ஒட்டிய விரலைத் திரைமேலேயே வைத்தாள்.

விரல் பட்ட இடத்தில் பலகை இருந்தது. எட்டு மூலைச் சிவப்புப் பலகை. ஓரம் துருப்பிடித்து, நில் என்பதற்கான பெர்ஹெந்தி என்ற எழுத்து வெளுத்து, கம்பத்தில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுத்துத் தரப்படும் என்று யாரோ ஒட்டிய விளம்பரத்தோடு, வருடக்கணக்காக அங்கேயே நிற்கிற பலகை. விபத்து நடந்த நேரம் படத்தின் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் விபத்துக்குப் பிறகுதான் குத்தகைக்காரர்கள் அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். கெரோப்போக் வேண்டுமா என்று அவள் பையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணினியை மூடினேன்.

கேட்கிறவர்கள் கேட்கலாம்: படத்தில் பலகை தெரிகிறது, அப்புறம் என்ன, தாளைத் திரும்ப வாங்க வேண்டியதுதானே? நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். அன்றைக்கு என் புத்தி வேறு வழியில் போனது. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிந்தாலும் வடிகட்டி அதில் கொஞ்சத்தைத் தின்றிருக்கிறது, அதனால்தான் நிரலுக்குப் பலகை தெரியவில்லை. அப்படியானால் சுற்றில் கோளாறு. சுற்றில் கோளாறு என்றால் அந்தப் பதிவு முழுவதுமே நம்பத்தக்கதல்ல என்று எழுதிக் கொடுத்துத் தாளைத் திரும்ப வாங்கிவிடலாம். பதிவே நம்பத்தக்கதல்ல என்றால், அதில் பலகை இருந்ததா இல்லையா என்று நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கோணல் வழிதான். ஆனாலும் அண்ணனைக் காட்டிக்கொடுக்காத வழி.

சனிக்கிழமை காலை கல்லூரி ஆய்வுக்கூடத்தைத் திறந்தபோது காவலாளி மட்டும் இருந்தார். சுற்றை மேசையில் வைத்து, ஒரு பக்கம் சமிக்ஞையைக் கொடுத்து மறுபக்கம் என்ன வருகிறது என்று அலைகாட்டியில் பார்த்தேன். அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். நிறம் போகிற எல்லை வரைக்கும் கோடு தட்டையாக, ஆடாமல் வந்தது. அதைத் தாண்டி, இரைச்சல் தொடங்குகிற இடத்தில் கீழே விழுந்தது. நான் வடிவமைத்தபோது எதை வரைந்தேனோ அதே கோடு.

லோரிக்குள் உச்சி வெயிலில் சூடு ஏறியிருக்கும், சூட்டில் மின்தேக்கிகள் மாறியிருக்கும் என்று அடுத்த காரணத்தைப் பிடித்தேன். பையிலிருந்த முடி உலர்த்தியை எடுத்துச் சுற்றின்மேல் காற்றடித்தேன். தொட்டால் சுடுகிற அளவுக்கு ஏற்றினேன். கோடு மயிரிழைகூட நகரவில்லை. விபத்து நேரத்துப் படங்களில் பலகை இருந்த இடத்தின் சிவப்பை அளந்து பார்த்தேன். போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அப்புறம் இன்னொரு தடவை. நடுவில் அண்ணன் போன் இரண்டு முறை அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது முறையும் எல்லாம் சரியாக இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக ஒரு சுற்றை நான் அதற்கு முன்னாலும் செய்ததில்லை, பின்னாலும் செய்யவில்லை.

சுற்றில் கோளாறு இல்லை, சிவப்பும் போகவில்லை. அப்படியானால் நிரல் ஏன் பலகை இல்லை என்றது? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழைய படங்களைத் திறந்தேன். அந்த மூன்று மாதம் நான் கட்டம் வரைந்த படங்கள். அண்ணன் தினமும் போகிற பாதை என்பதால் எங்கள் சிம்பாங் அதில் முப்பது நாற்பது தடவையாவது இருந்தது. வெயிலில், மழையில், பனியில் என்று எல்லாவிதமாகவும் இருந்தது. ஒன்றில்கூட அந்தப் பலகைமேல் கட்டம் இல்லை. அதே படத்தில் தூரத்தில் பெரிய சாலை ஓரமாக நகக்கண் அளவுக்குத் தெரிந்த வேகப் பலகைக்குக் கட்டம் போட்டிருந்தேன். முன்னால் மலைபோல நின்ற நிறுத்தப் பலகையை விட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் விட்டிருந்தேன். நாற்பது தடவை காட்டி, இது பலகை இல்லை, இது பலகை இல்லை என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது நல்ல பிள்ளையாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஆட்கள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ரப்பர் காலத்தில் அந்தச் சாலையில் வண்டி என்றால் பால் ஏற்றும் டாங்கி லோரியும் டிராக்டரும்தான். சிம்பாங்குக்கு வரும்போது ஓட்டுநர் இரண்டு தடவை ஹோன் அடிப்பார். சைக்கிளோ நடையோ, ஹோன் கேட்டவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அவ்வளவுதான் அங்கே சட்டம். பால் லோரி போய்ச் செம்பனை லோரி வந்தது, சைக்கிள் போய் மோட்டார் வந்தது, பெரிய சாலையில் பஸ்கள் பறந்தன. நாங்கள் இரண்டு ஹோன் அடித்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தோம். சாலை இலாகாக்காரர்கள் என்றைக்கோ வந்து பலகை நட்டிருக்கிறார்கள். அது எங்களுக்கானது என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் ஈப்போவில் ஒவ்வொரு முனையிலும் ஒழுங்காக நிற்கிறவள். ஊருக்குப் போனால் அந்த இடத்தில் மட்டும் என் கை தானாக ஹோனுக்குப் போகும். நிற்க வேண்டும் என்று தோன்றியதே கிடையாது.

அன்று மதியம் கணினியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி சோறு போடுகிறேன் என்றார், சாப்பிட முடியாது என்றேன். அண்ணன் முன்னால் படத்தைத் திறந்து வைத்தேன். நேற்றுப் போன் எடுக்காததற்குக் கோபமாக இருந்தவர், கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கும் தெரியவில்லை. தோழி செய்ததுபோலத் திரையில் விரல் வைத்துக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"இத எப்ப வச்சான்?"

"துரு புடிச்சிருக்கு பாருங்கண்ணே. அது அங்க இருந்து எவ்வளவோ வருஷம் ஆச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்தார். தினமும் நாலு தடவை அந்த வழியாகப் போகிறவர். தான் ஹோன் அடித்ததாகவும், இரண்டு தடவை நல்லாவே அடித்ததாகவும் என்னிடம் சொன்னார். யாரோ அதை மறுத்ததுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை போனால் வீட்டுக்கு என்ன வழி என்று அவர் கேட்கவில்லை, முகமே கேட்டது.

"நீ சொல்லாட்டி யாருக்கும் தெரியாதுலா" என்றார் அண்ணன். அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. இருக்கிறதைச் சொன்னார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் எரிச்சலாக வந்தது. நாளைக்கு அக்காவைப் போய்ப் பார்க்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயைத் திறந்து, லோரியில் போடுகிற செருப்பைத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் கேட்டது. நான் கிளம்புகிற வரைக்கும் அவர் முன்னால் வரவில்லை.

திங்கட்கிழமை காலை விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்கா சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். காலில் கம்பி வைத்து உயரே தூக்கிக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பிட்டியா, காடியை எங்கே நிறுத்தினாய், இங்கே சம்மன் எழுதிடுவான் என்று வரிசையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"உங்க அண்ணன் மனசு ஒடஞ்சு கெடப்பான். அவன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. ரெண்டு ஹோன் அடிச்சான், எனக்கு நல்லா கேட்டுச்சு. மழ வாரதுக்குள்ள வீட்டுக்குப் போலாம்னு முறுக்கிட்டேன். நான்தான் ஒதுங்கல."

கால் முறிந்து கிடக்கிற மனுஷி, ஒரு வாரமாகத் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு கிடந்திருக்கிறார். ஹோன் கேட்டவர் ஒதுங்க வேண்டும், அவர் ஒதுங்கவில்லை. அவருக்குத் தெரிந்த சட்டம் அதுதான். படங்களை எடுத்துக் காட்டினேன். பலகையையும் நேரத்தையும் காட்டினேன்.

"அக்கா, அங்க போர்டு இருந்துச்சு. அண்ணன்தான் நிக்கணும். எத்தன ஹோன் அடிச்சாலும் அவருதான் நிக்கணும். உங்க மேல தப்பு இல்ல."

அக்கா படத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"சனிக்கிழம காலையில கம்பெனியில இருந்து ஒருத்தர் வந்தாரு" என்றார். "உன் தாளக் காட்டினாரு. போர்டு இல்லன்னு மெஷினே சொல்லிருச்சுன்னாரு. கீழ உன் பேரப் பார்த்தேன். நம்ம பிள்ள போட்டது, சரியாத்தான் இருக்கும்னு நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

என்னவென்று போட்டீர்கள் என்று கேட்டேன். தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, இனிமேல் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்ததாம். மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரம். படித்துக் காட்டினாரா என்றால், காட்டினார் என்றார். அவருக்கு அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் தெரியும் என்றிருந்தால் அவர் நம்பியிருப்பார். வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். அக்கா விரலை மடக்கினார், கணக்குப் போடுகிறவரைப்போல. வெள்ளி, சனி. அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நான் ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல சுற்றில் கோளாறு தேடிக்கொண்டிருந்தேன். மருத்துவமனை அங்கிருந்து காரில் பத்து நிமிடம்.

"வெள்ளிக்கிழம சாயங்காலமே வந்திருக்கலாமேம்மா" என்றார்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். அதிகாரி என் வியாழக்கிழமைத் தாளையும் புதுத் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் பலகை இல்லை, ஒன்றில் பலகை இருக்கிறது, இரண்டிலும் உங்கள் கையெழுத்துதான், இதில் நான் எதை நம்புவது என்று கேட்டார். படத்தை நம்புங்கள் என்றேன். கம்பெனியின் வழக்கறிஞரும் பிறகு அதே கேள்வியைத்தான் கேட்டார், இன்னும் மரியாதையாக.

அண்ணனுக்கு வேலை போய்விட்டது. இப்போது சித்தியவானில் ஒரு பட்டறையில் இருக்கிறார். என்னிடம் பேச வேண்டியதை அண்ணி வழியாகப் பேசுகிறார். அக்காவின் வழக்கு முடியவில்லை. அவர் போட்ட கையெழுத்தை இல்லையென்று ஆக்குவதற்கு வழக்கறிஞர் அலைந்துகொண்டிருக்கிறார். எல்லாப் படங்களிலும் விட்டுப்போன கட்டங்களைத் தோழியை வைத்து வரைந்தேன். ஆய்வேட்டில் வடிகட்டிச் சுற்று நன்றாக அமைந்திருக்கிறது என்று தேர்வாளர்கள் எழுதினார்கள். அந்த வரியை நான் இதுவரை யாரிடமும் காட்டவில்லை.

மாதம் ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போகிறேன். கோலை ஊன்றிக்கொண்டு நடக்கிறார். மறுக்க மறுக்கத் தேநீர் போட்டுக் கொடுக்கிறார், பழையதைப் பேசுவதே இல்லை. போனமுறை அவர் மகளின் தோழி ஒருத்தி வந்திருந்தாள். இவங்க யார் என்று கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, காலேஜில் வேலை செய்கிறவங்க, வழக்கு விஷயமாக வந்திருக்காங்க என்றார்.